ஓரிகானோ கிடைக்கவில்லை என்று எழுதிய மருமகனுக்கு

சின்னமனூர்

அன்புள்ள மருமகனுக்கு,

ஞாயிற்றுக்கிழமை ராத்திரிக்கு வீட்டில் எல்லாருக்கும் பாஸ்தாவும் சாசேஜும் செய்து போடப்போவதாகப் போன வாரம் ஆர்ப்பாட்டமாகச் சொன்னவன், இப்போது இரண்டே வரியில் முடித்துவிட்டாய். தேனியில் கடை கடையாக ஏறி இறங்கியும் ஓரிகானோ கிடைக்கவில்லையாம், அது இல்லாமல் பாஸ்தா பாஸ்தாவே இல்லையாம், அதனால் வழக்கம்போலத் தோசையாம். தோசை மேல் எனக்கு வருத்தம் எதுவும் கிடையாது. பெரியகுளத்தில் தோட்டக்கலை படிக்கிற பிள்ளை, லேமியேசி குடும்பத்தின் பண்புகளைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிக்கிற பிள்ளை, ஒரு சிட்டிகை காய்ந்த சருகுக்காக அடுப்பை மூட்டாமல் விட்டாயே, அதுதான் ஆறவில்லை. உங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே, உடைந்த பிளாஸ்டிக் குடத்தில், யாரும் தண்ணீர் ஊற்றாமலே தழைத்துக் கிடக்கிறதே, அது என்ன செடி?

கற்பூரவல்லி. போய் ஒரு இலையைக் கசக்கி மோந்து பார். பிறகு, பீட்சாவோடு கொடுக்கிறார்களே, அந்தச் சின்னப் பொட்டலம் ஒன்று உங்கள் வீட்டு மேசை டிராயரில் நிச்சயம் கிடக்கும். அதைப் பிரித்து மோந்து பார். இரண்டுக்கும் உறவு இருப்பது மூக்குக்குத் தெரியும். மூக்குக்குத் தெரிந்ததை நீ புத்தி வரைக்கும் கொண்டுபோகவில்லை, அவ்வளவுதான்.

கார்வக்ரால், தைமால் என்ற இரண்டு பொருள்களைப் பற்றி உனக்குப் பாடத்தில் வந்திருக்கும். இரண்டுக்கும் ஒரே வாய்பாடு: 10 கார்பன், 14 ஹைட்ரஜன், 1 ஆக்சிஜன். வளையத்தில் ஹைட்ராக்சில் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பதில் மட்டும் வேறுபாடு. ஓரிகானோவின் மணத்துக்குப் பெரும்பங்கு கார்வக்ரால்தான் காரணம். தைம் செடிக்குத் தைமால். கற்பூரவல்லியின் எண்ணெயில் கார்வக்ராலும் தைமாலும் உண்டு. எது கூட, எது குறைய என்பது செடிக்குச் செடி, ஊருக்கு ஊர் மாறும். நம்மூர் ஓமத்தில் தைமால் கொட்டிக் கிடக்கிறது. ஓமம் ஏபியேசி, கொத்தமல்லி, சீரகம், சோம்பு எல்லாம் இருக்கிற குடும்பம். லேமியேசியான கற்பூரவல்லிக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனாலும் இரண்டும் ஒரே சரக்கைத் தயாரிக்கின்றன. மெக்சிகோவிலிருந்து ஓரிகானோ என்று விற்பனைக்கு வருவது லிப்பியா கிராவியோலென்ஸ் என்ற செடி. அது வெர்பினேசி குடும்பம், அதாவது மேகமலை அடிவாரம் முழுக்கப் புதராக மண்டி வனத்துறையை அலைக்கழிக்கிற உண்ணிச்செடியின் சொந்தக்காரி. மூன்று குடும்பங்கள் தனித்தனியாக ஒரே வேதிப்பொருளுக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. பூச்சியையும் பூஞ்சையையும் கிட்ட வரவிடாமல் வைக்க அது அவற்றுக்கு உதவுகிறது. மனுஷன் அதைக் கறிச்சட்டியில் போட்டுச் சப்புக்கொட்டுகிறான்.

அதனால் நீ கடைக்காரரிடம் ஓரிகானோ இருக்கிறதா என்று கேட்டதே தப்பு. கார்வக்ரால் எங்கே கிடைக்கும் என்று உன்னையே கேட்டிருக்க வேண்டும்.

நான் சொல்வது ஏதோ ஓய்வுபெற்ற தாவரவியல் டீச்சரின் கிறுக்கு என்று நினைக்காதே. கியூபாவிலும் டிரினிடாட்டிலும் நம் கற்பூரவல்லியைத்தான் இறைச்சிக்கு வாசனையாகப் போடுகிறார்கள். டிரினிடாட்டில் அதற்குத் தைமின் பெயரையே ஒட்டவைத்திருக்கிறார்கள். லூரெய்ரோ என்ற போர்த்துகீசியப் பாதிரியார், வியட்நாமில் பல வருஷம் இருந்து செடிகளைத் திரட்டியவர், 1790-ல் இதைக் கோலியஸ் அம்போய்னிகஸ் என்று பதிவுசெய்தார். பிற்பாடு பிளெக்ட்ராந்தஸுக்கு மாற்றினார்கள். நான் வகுப்பெடுத்த காலம் முழுவதும் பிளெக்ட்ராந்தஸ்தான். இப்போது மறுபடியும் கோலியஸ். நான் பரீட்சைத் தாளில் அடித்து மார்க் குறைத்த பிள்ளைகளை நினைத்தால் பாவமாக இருக்கிறது, அது கிடக்கட்டும்.

நம் பக்கத்தில் இந்தச் செடிக்கு வந்த கேடு என்னவென்றால், மருந்து என்று பெயர் வாங்கிவிட்டது. பிள்ளைக்குச் சளி பிடித்தால் இலையை வாட்டிச் சாறு பிழிவார்கள். மழை நாளில் கடலைமாவில் முக்கிப் பஜ்ஜி போடுவார்கள். அதோடு சரி. கறியில் போடலாமென்று சொன்னால் உங்கம்மாவே, "ஏன் மதினி, யாருக்குக் காய்ச்சல்?" என்று கேட்பாள். இஞ்சியும் பூண்டும் மருந்துதானே, அவற்றை யார் தள்ளிவைத்தார்கள்? ஒரு பொருளை அலமாரியின் எந்தத் தட்டில் வைத்தோமோ அங்கேயே அது கடைசிவரை இருக்க வேண்டும் என்பது நம் ஆட்களின் பிடிவாதம். கையில் லென்ஸ் இருக்கிறதல்லவா, இலையின் அடிப்பக்கத்தைப் பார். தூவிகளுக்கு நடுவே பளபளவென்று சின்னச் சின்னத் துளிகள் தெரியும். எண்ணெய்ச் சுரப்பிகள். விரல் பட்டாலே உடைந்துவிடும், அதனால்தான் செடியை உரசிக்கொண்டு போனாலே மணக்கிறது. நறுக்கும்போதே சரக்கு வெளியே வந்துவிடுகிறது என்று புரிந்துகொள். அரை மணி நேரம் முன்னாடியே நறுக்கிவைத்துவிட்டு வெங்காயம் உரிக்கப் போகாதே.

பயன்படுத்தும் முறைக்கு வருகிறேன், இதைத்தான் யாரும் சொல்லித்தருவதில்லை. கார்வக்ரால் தண்ணீரில் சரியாகக் கரையாது, எண்ணெயில் நன்றாகக் கரையும். ஆகவே கொதிக்கிற தக்காளிச் சாற்றில் இலையைப் போட்டால் மணம் ஆவியோடு போய்விடும். சதைப்பற்றுள்ள இலை மட்டும் கொழகொழவென்று மிஞ்சும். கறி வதங்கிக் கொழுப்பு உருகி நிற்கிற நேரத்தில், தீயைத் தணித்து, பொடியாக அரிந்த இலையில் பாதியைப் போடு. அந்தக் கொழுப்பு மணத்தை வாங்கி வைத்துக்கொள்ளும். மீதிப் பாதியை இறக்கியபின் பச்சையாகத் தூவு. நான்கு பேருக்கு நடுத்தர இலை ஆறேழு போதும். புது இலையில் பெரும்பகுதி தண்ணீர்தானே என்று அள்ளிப் போடாதே, கசக்கும். இலை அகப்படாத நாளில் ஓமத்தை உள்ளங்கையில் வைத்துக் கசக்கி இரண்டு சிட்டிகை போடலாம். அது கொஞ்சம் முரட்டு வாசனை. முறுக்கு ஞாபகம் வரும், வந்தால் வரட்டும்.

பாசிலுக்கு என்ன செய்வது என்று கேட்பாய். நம் திருநீற்றுப்பச்சிலையும் ஓசிமம் பாசிலிக்கம்தான், அதே இனம். சர்பத்தில் போடுகிற சப்ஜா விதை அதன் விதை. ஆனால் இங்கே ஒரு எச்சரிக்கை. இனம் ஒன்றாக இருந்தாலும் எண்ணெய் வேறாக இருக்கலாம். இத்தாலிக்காரர்கள் வளர்ப்பதில் லினலூல் தூக்கலாக இருக்கும். நம் பக்கத்துச் செடிகள் பலவற்றில் மெத்தில் சவிக்கால் முந்திக்கொண்டு சோம்பு மாதிரி மணக்கும். சாசேஜுக்கு அது பொருந்தவே செய்யும். கறிவேப்பிலை மட்டும் வேண்டாம். அதைப் போட்டால் அதற்கப்புறம் வேறு எந்த இலைக்கும் அங்கே பேச்சில்லை.

இனி சாசேஜ். கடையில் உறைநிலைப் பெட்டியில் விற்கிற வழவழப்பான சிவப்புக் குழாய்களை வாங்காதே. கறியைக் களிபோல அரைத்து, ஏற்கெனவே வேகவைத்துக் கட்டியவை அவை. வாணலியில் போட்டால் மேலே கருகும், கொழுப்பு விடாது. கொழுப்பு விடாத சாசேஜால் பாஸ்தாவுக்கு எந்தப் பிரயோஜனமும் இல்லை. உனக்கு வேண்டியது பச்சைக் கொத்துக்கறி, உப்பு, கொழுப்பு, சோம்பு. ஆமாம், சோம்பு. இத்தாலியின் பல ஊர்களில் பன்றிக்கறிச் சாசேஜில் போடுவது இதே சோம்பு. டஸ்கனியில் சோம்பு போட்ட உலர்சாசேஜுக்கென்று தனிப் பெயரும் புகழும் உண்டு. கொத்துக்கறியில் சோம்பு மணக்க வேண்டும் என்று மதுரையிலிருந்து கம்பம் வரைக்கும் எந்த வீட்டுக்கும் யாரும் வந்து கற்றுத்தர வேண்டியதில்லை. கோலா உருண்டையிலிருந்து பொட்டுக்கடலையையும் தேங்காயையும் எடுத்துவிட்டுக் கொழுப்பைச் சேர்த்தால் சாசேஜுக்கு அரை மைல் தூரத்தில் வந்து நிற்பாய். குடல் உறையெல்லாம் தேவையில்லை. பாஸ்தாவுக்குப் போடும்போது அவர்களே உறையைக் கிழித்துக் கறியை உதிர்த்துத்தான் போடுகிறார்கள்.

கணக்கு சொல்கிறேன். அரைக் கிலோ கறியில் 100 கிராமுக்குக் குறையாமல் கொழுப்பு இருக்க வேண்டும். பொடித்த கல்லுப்பு 8 கிராம். சோம்பு ஒரு ஸ்பூன் வறுத்து ஒன்றிரண்டாக நசுக்கியது. மிளகு தாராளமாக, பூண்டு நாலைந்து பல். மிளகாய்த்தூளைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை, எப்படியும் போடுவாய். எல்லாவற்றையும் போட்டுக் கையால் பிசைய வேண்டும். எதுவரை? கறி கையில் ஒட்டி, உள்ளங்கையைக் கவிழ்த்தாலும் விழாமல் தொங்குகிற வரை. உப்பு கறியிலிருக்கிற மயோசின் என்ற புரதத்தைக் கரைத்து வெளியே இழுக்கிறது. அந்தப் பசைதான் கறியையும் கொழுப்பையும் பிடித்துவைக்கும். கறி ஜில்லென்று இருக்கும்போதே பிசைந்துவிடு. நம் சித்திரை வெயிலில் மேடையில் வைத்துவிட்டுப் போனை நோண்டினால் கொழுப்பு இளகிப் பூசினாற்போல் ஆகி, பிறகு சட்டியில் எண்ணெய் தனியாகக் கறி தனியாகப் போய்விடும். பிசைந்ததை மூடி ஒரு ராத்திரி ஃபிரிட்ஜில் வைத்தால் இன்னும் நல்லது.

எந்தக் கறி என்பதில் யோசனை வேண்டும். வெள்ளாட்டுக் கறியில் சதைக்குள் கொழுப்பு குறைவு; தனியாகக் கொழுப்பு வாங்கிச் சேர்த்தாலும் அது உயர்ந்த சூட்டில் உருகுகிற வகை, சாப்பாடு சற்று ஆறினதும் மேலண்ணத்தில் மெழுகாகப் படியும். பன்றிக் கொழுப்பு குறைந்த சூட்டிலேயே இளகும். சாசேஜ் செய்கிற உலகத்தில் பாதிப்பேர் அதை விரும்புவது அதனால்தான். உங்கம்மா பன்றிக்கறியை அடுக்களைக்குள் விடமாட்டாள், அதில் நான் தலையிடப்போவதில்லை. கோழித்தொடையைத் தோலோடு கொத்தித் தரச் சொல். தோலில் இருக்கிற கொழுப்பு போதும், இளகியும் வரும். நெஞ்சுக்கறி வாங்கிவிட்டு ரப்பர் மாதிரி இருக்கிறதென்று எனக்குப் போன் போடாதே.

உப்புக்கண்டம் இருந்தால் அதுவும் ஒரு வழி. சின்னத் துண்டுகளாகத் தட்டி, நல்லெண்ணெயில் பொரித்து, அந்த எண்ணெயிலேயே பூண்டைப் போட்டு ஆரம்பிக்கலாம். உப்பைக் கண்டிப்பாகக் குறைக்க வேண்டும். என் ருசிக்கு இது சாசேஜைவிட ஒருபடி மேல், ஆனால் உன் விருந்தாளிகள் சாசேஜ் என்று எதிர்பார்த்து வருகிறார்கள்.

போன வாரம் இன்னொன்றும் சொல்லியிருந்தாய், பாஸ்தாவை மார்கோ போலோ சீனாவிலிருந்து கொண்டுபோனார், ஆகவே அது ஆசியப் பண்டம்தான் என்று. இதை எவ்வளவு பேர் சொல்லக் கேட்டிருப்பேன்! மார்கோ போலோ வெனிசுக்குத் திரும்பியது 1295. அதற்கு 16 வருஷம் முன்பே, 1279-ல், ஜெனோவாவில் ஒருவர் விட்டுப்போன சொத்துப் பட்டியலில் ஒரு பெட்டி நிறைய மக்கரோனி இருந்ததாக எழுதப்பட்டிருக்கிறது. அதற்கும் முன்னால், 1154-ல், சிசிலி மன்னர் இரண்டாம் ரோஜரின் அவையில் இருந்த அல்-இத்ரீசி என்ற அரபுப் புவியியலாளர், பலெர்மோவுக்குப் பக்கத்தில் திராபியா என்ற ஊரில் கோதுமை மாவில் நூல்நூலாகச் செய்து உலர்த்தி, கப்பல் கப்பலாக ஏற்றி அனுப்புகிறார்கள் என்று குறித்திருக்கிறார். மார்கோ போலோ கதையைப் பரப்பிவிட்டது 1929-ல் அமெரிக்காவின் மக்கரோனி உற்பத்தியாளர் சங்கப் பத்திரிகையில் வந்த ஒரு விளம்பரக் கட்டுக்கதை. வியாபாரம் ஓட ஒரு கதை வேண்டியிருந்தது, எழுதினார்கள். நீங்கள் நூறு வருஷமாகச் சுமக்கிறீர்கள்.

மார்கோ போலோ மேல் எனக்குக் கோபம் கிடையாது. அவர் நம் பாண்டிய நாட்டுக் கரைக்கும் வந்தவர், காயல் துறைமுகத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். அரபு நாடுகளிலிருந்து வருஷா வருஷம் ஆயிரக்கணக்கில் குதிரைகளை வாங்கி, அவற்றுக்கு இறைச்சியும் சோறும் வேகவைத்துப் போட்டு, பராமரிக்கத் தெரியாமல் சாகடிக்கிறார்கள் என்று அவர் வியந்துபோய் எழுதியதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பும் துக்கமும் சேர்ந்து வரும். குதிரைக்குக் கறிச்சோறு போட்ட ஊர் இது. மனுஷனுக்குப் பாஸ்தாவில் கற்பூரவல்லி போடுவதற்கா யோசிக்க வேண்டும்?

பாஸ்தாவை வாங்கும்போது பாக்கெட்டைத் திருப்பிப் பார். டூரம் கோதுமை ரவை என்று இருக்க வேண்டும். மைதாவில் செய்தது தண்ணீரைச் சீக்கிரம் கலக்கிவிட்டுக் குழைந்துபோகும். இறக்குமதிச் சரக்குதான் வேண்டுமென்று மெனக்கெடாதே, பக்கத்து மாவட்டமான திண்டுக்கல்லிலேயே சேமியாவும் பாஸ்தாவும் செய்கிற பெரிய ஆலைகள் இருக்கின்றன. டூரம் என்றால் ஏதோ அந்நிய வஸ்து என்றும் நினைக்க வேண்டாம். நம் சம்பா கோதுமை டைகாக்கம் வகை. டூரத்தைப் போலவே அதற்கும் 28 குரோமோசோம். சப்பாத்திக் கோதுமைக்கு 42 என்பது உனக்குத் தெரியும். பாஸ்தாவுக்கு நெருங்கிய சொந்தம் நம் வீட்டுச் சம்பா ரவை உப்புமாவில் இருக்கிறது.

கோதுமை என்றதும் கரம் சந்த் மேத்தாவைச் சொல்லாமல் என்னால் தாண்டிப் போக முடியாது. ஆக்ராவில் தாவரவியல் பேராசிரியராக இருந்தவர். வட இந்தியச் சமவெளியில் கோடை வெயிலில் கோதுமைத் துரு நோயின் வித்துகள் செத்துப்போகின்றன. அப்படியானால் ஒவ்வொரு வருஷமும் நோய் எங்கிருந்து வருகிறது? இந்தக் கேள்வியோடு ஆண்டுக்கணக்காக அலைந்தார். வடக்கே இமயமலைப் பகுதி, தெற்கே நீலகிரியும் பழனி மலையும்: இந்தக் குளிர்ந்த உயரங்களில் கோடையிலும் கோதுமை நிற்பதால் பூஞ்சை அங்கே தங்கிப் பிழைக்கிறது, பிறகு காற்றில் ஏறிச் சமவெளிக்குப் போகிறது என்று கண்டுபிடித்தார். தானியத் துருநோய்கள் பற்றிய அவருடைய ஆய்வு நூலின் முதல் பகுதி 1940-லும் இரண்டாம் பகுதி 1952-லும் வந்தன. மாணவியாக இருந்தபோது நூலகத்தில் அதைப் படித்துவிட்டு வெளியே வந்து பழனி மலைத் தொடரைப் பார்த்தது நினைவிருக்கிறது. உன் கல்லூரி வாசலில் நின்று வடக்கே நிமிர்ந்தால் தெரிகிற அதே மலை. வடக்கே ஒரு விவசாயியின் வயல் துருப்பிடிக்க இங்கிருந்து தூசு கிளம்புகிறது என்றால், சமையலில் உள்ளூர், வெளியூர் என்று நீங்கள் போடுகிற கோடு எத்தனை நாள் தாங்கும்? சரி, கை மீறிப் போகிறேன்.

வேகவைப்பதில் ஒன்றிரண்டு மட்டும் சொல்கிறேன். தண்ணீரில் எண்ணெய் ஊற்றுகிறாய் என்று உன் தங்கை சொன்னாள். ஏன்? எண்ணெய் மேலே மிதக்கும், வடிக்கும்போது பாஸ்தாவைப் பூசிக்கொண்டு வரும், பிறகு மசாலா ஒட்டாமல் வழுக்கும். ஒட்டக்கூடாதென்றால் முதல் இரண்டு நிமிடம் கிளறிவிடு. தண்ணீரில் உப்பு போடு, லிட்டருக்கு ஒன்றரை ஸ்பூன். அண்டா நிறையத் தண்ணீர் வைக்க வேண்டும் என்கிற இத்தாலிக்காரர்களோடு நான் ஒத்துப்போவதில்லை. தண்ணீர் குறைவாக இருந்தால் அதில் மாவுச்சத்து கெட்டியாக இறங்கும், எனக்கு வேண்டியதே அதுதான். பெரியாறு அணை 1895-ல் வந்த பிறகு இந்தப் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக வயலில் நெல் விளைகிறது. வடிகஞ்சியின் அருமை தெரியாத வீடா இங்கே இருக்கிறது? பாஸ்தா வெந்த தண்ணீரும் அதே வடிகஞ்சிதான். இரண்டு கரண்டி எடுத்து வைத்துக்கொண்டு, கறிக்கொழுப்பும் தக்காளியும் உள்ள சட்டியில் ஊற்றிச் சுழற்றினால், மாவுச்சத்து எண்ணெயையும் சாற்றையும் பிரியவிடாமல் பிடித்துப் பளபளவென்று பூசிக்கொடுக்கும்.

பாக்கெட்டில் போட்டிருக்கிற நிமிடக் கணக்கை அப்படியே நம்பாதே. ஒன்றை எடுத்து நடுவில் கடித்துப் பார். வெட்டுவாயில் மையத்தில் ஊசி முனையளவு வெள்ளைப் புள்ளி தெரியும். அது மாவு இன்னும் வேகாத இடம். அந்தப் புள்ளி மங்கி மறையப்போகிற நேரத்தில் எடுத்துச் சட்டிக்கு மாற்று, மீதி அங்கே வெந்துகொள்ளும். கொடைக்கானலில் உன் சிநேகிதன் அறையில் செய்தபோது வேகவே மாட்டேனென்றது என்றாயே, 2,000 மீட்டருக்கு மேலே தண்ணீர் 93 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். கொதிக்கிறது என்பதற்காகச் சூடு போதுமென்று அர்த்தமில்லை.

தக்காளிக்கு டப்பா வாங்குவதாக இருந்தாய். வேறு யார் செய்தாலும் பொறுப்பேன், பெரியகுளத்தில் படிக்கிறவன் செய்யக்கூடாது. உன் கல்லூரி கொடுத்த பிகேஎம்-1 தக்காளி எங்கிருந்து வந்தது? தேனிக்குப் பக்கத்து அன்னஞ்சியின் நாட்டு ரகத்தில் சடுதிமாற்றம் உண்டாக்கித் தேர்ந்தெடுத்தது. தட்டையான உருண்டை, காம்படியில் பச்சைத் தோள், தூரமாக லாரியில் ஏற்றினாலும் நசுங்காத தோல். பிகேஎம் முருங்கையைப் பற்றி ஊர் முழுக்கப் பேசுகிறீர்கள், இந்தத் தக்காளியை யாரும் கண்டுகொள்வதில்லை. நாட்டுத் தக்காளியின் புளிப்பு கொழுப்பை வெட்டும். பெங்களூர் தக்காளி வாங்கினால் நிறம் வரும், புளிப்பு வராது. நன்றாகப் பழுத்ததாகப் பொறுக்கி, வெந்நீரில் போட்டுத் தோலுரித்து, கறி வதங்கிய சட்டியிலேயே போட்டு எண்ணெய் ஓரத்தில் மினுங்கும் வரை சுண்டவிடு. பூண்டு கொடைக்கானல் மலைப்பூண்டாக இருந்தால் அளவைக் குறை, காரம் அதிகம். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய பூண்டு அது.

தக்காளியே வேண்டாமென்றால் இன்னொரு வழி இருக்கிறது, என் மனசு அதில்தான். இத்தாலியில் உம்ப்ரியா பக்கம் திராட்சை அறுப்புக் காலத்தில் சாசேஜைத் திராட்சையோடு சேர்த்து வதக்குவார்கள். நம் கம்பம் பன்னீர் திராட்சை, 2023-ல் புவிசார் குறியீடு பெற்றது, மஸ்கட் ஹாம்பர்க் என்ற ஐரோப்பிய ரகம்தான். அங்கே அறுப்பு வருஷத்துக்கு ஒரு தடவை, நமக்கு எந்த மாதமும் யாராவது ஒருவர் தோட்டத்தில் அறுப்பு இருக்கும். சுருளிப்பட்டிப் பக்கம் வண்டியை நிறுத்தினால் போதும். கறி சிவந்ததும் இரண்டு கைப்பிடி பழத்தைப் போட்டு மூடு. தோல் வெடித்துச் சாறு கொழுப்போடு கலந்து கறுஞ்சிவப்பாக ஓடும். விதைதான் தொந்தரவு, பல்லில் நெறநெறக்கும். அதற்குத்தான் ஓடைப்பட்டியின் விதையில்லாப் பழம் இருக்கிறது. ஆனால் பன்னீரின் மணம் அதில் இல்லை. நான் பாதிக்குப் பாதி போடுவேன், பன்னீரை மட்டும் முன்னாடியே பிசைந்து வடிகட்டிச் சாறாக ஊற்றிவிடுவேன். இதற்குக் கற்பூரவல்லி இரண்டு இலை போதும், மிளகைக் கூட்டு. உங்கப்பா முதலில் முகத்தைச் சுளிப்பார். புளிக்குழம்பில் வெல்லம் போட்டால் சுளிக்காத மனுஷன் இதற்குச் சுளிக்க நியாயம் இல்லை என்று நான் சொன்னதாகச் சொல்.

சீஸ் கட்டாயமில்லை. போடுவதென்றால் அடுப்பை அணைத்து ஒரு நிமிடம் கழித்துத் துருவிப் போடு. கொதிக்கிற சட்டியில் கொட்டினால் புரதம் திரண்டு கரண்டியில் கயிறு கயிறாகச் சுற்றிக்கொள்ளும், பிரிக்கவே முடியாது. தகடு தகடாகச் சுற்றிவருகிற பிராசஸ்டு சீஸ் வேண்டாம்.

கறிக்கடைக்குச் சனிக்கிழமை காலை 7 மணிக்கே போய்விடு. தோலோடு வேண்டுமென்று முதலிலேயே சொல், உரித்து ஒதுக்கிவிட்ட பிறகு கேட்டால் யார் தோல் எதுவென்று அவருக்கே தெரியாது. நான் ஞாயிறு சாயங்காலம் பஸ்ஸில் வருகிறேன். வந்து சேருமுன் தண்ணீரைக் கொதிக்கவைத்துவிடாதே.

அன்புடன்,
அத்தை